நாலு சாக்குச் சிவப்பு

சுத்தம் செய்த சாயத்தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, நாலு பேர் பார்க்க மடக்மடக்கென்று குடித்துக் காட்டுவது என் வழக்கம். தாராவியில் எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்காதவர்கள் கிடையாது. பட்டறை முதலாளி சந்தேகமாக முகத்தைச் சுளித்தால் குடிப்பேன். அதிகாரி வந்தால் குடிப்பேன். கல்லூரிப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் இரண்டு டம்ளர் குடிப்பேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் தங்கச்சிகளும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: குடிக்காதீர்கள். வயிற்றுக்காகச் சொல்லவில்லை. என் வயிறு இன்றைக்கும் கல்லைத் தின்றாலும் செரிக்கும். நீங்கள் குடிப்பதை யாரெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அதற்காகச் சொல்கிறேன்.

உங்களில் ஒருவர்தான் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, நீங்க பார்த்ததையெல்லாம் எழுதிக் குடுங்க, புதுசா வந்திருக்கவங்க படிக்கட்டும்" என்று கேட்டார். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. தமிழை எழுத்துக்கூட்டி எழுதுவேன். இங்கிலீஷில் என் கையெழுத்தும் எண்களும் மட்டும் வரும். அதை வைத்துக்கொண்டே தாராவி, விக்ரோலி, செம்பூர் என்று பதினோரு பட்டறைகளில் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி வைத்தேன். எம்.எஸ்ஸி. படித்த ஒருவர் என் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தக் காலேஜ் சார்?" என்று கேட்டார். "சயான் சாக்கடைக் காலேஜ்" என்றேன். சிரிக்கவில்லை அவர். எழுதிக்கொண்டார். இதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது எழுதும்போது கைதான் வலிக்கிறது.

பதினேழு வயதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இறங்கியதும் சாயப்பட்டறையில்தான் கை நனைத்தேன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மருதாணி வைக்க வந்த பெண்கள் என் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். முழங்கை வரைக்கும் நீலம். அதன் மேல் மருதாணி எங்கே எடுபடும்? முப்பது வருடம் துணியில் சாயம் ஏற்றினேன். பிறகுதான் தண்ணீரிலிருந்து சாயத்தை இறக்கும் வேலைக்கு வந்தேன்.

அதைக் கற்றுக்கொடுத்தது மாதுங்காவைச் சேர்ந்த ஒரு பெண். கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என் மகள் வயது. சாயத்தண்ணீர் ஒரு கேன் வேண்டும் என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். அதிகாரி அனுப்பிய ஆள் என்று நினைத்து எல்லோரும் விரட்டினார்கள். நான் இரண்டு கேன் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு புட்டியோடு வந்தார். உள்ளே ஜவ்வரிசி மாதிரி மணிகள். இறால் ஓட்டிலிருந்து மாவு எடுத்து, அதைக் கரைத்து, காரத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைந்துபோகாதபடி ஒரு மருந்தில் இறுக்கிய மணி. எங்கள் சிவப்புத் தண்ணீரில் அதைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் இரண்டு அரை கிளாஸ் கட்டிங் டீ குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் வெளுத்து, மணி சிவந்துவிட்டது. மீன் மார்க்கெட்டில் ஈ மொய்க்கும் ஓடு இந்த வேலை செய்யுமா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு மேடம், நான் அவருக்கு அங்கிள்.

"சாயம் போயே போச்சு மேடம்!" என்றேன்.

"எங்கயும் போகல அங்கிள். இடம் மாறியிருக்கு, அவ்ளோதான்" என்றார்.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொன்னார். ஒன்று, மணியின் பக்கம் சலவைச் சோடாவைக் கொண்டுபோகக் கூடாது. சோடா பட்டால் பிடித்த சாயத்தை அப்படியே கக்கிவிடும். மணியைக் கழுவி மறுபடி பயன்படுத்த நாங்களே அதைத்தான் செய்வோம். ஐந்தாறு தடவை கழுவிய பிறகு மணி ஓய்ந்துவிடும், பிடித்ததை விடவும் தெரியாது, புதிதாகப் பிடிக்கவும் தெரியாது, பாதியைக் கக்கும், பாதியை வைத்துக்கொள்ளும். இரண்டாவது, அப்படி ஓய்ந்துபோன மணியை மஞ்சள் பையில் போட்டு, பையின் மேல் இன்னது என்று எழுதி, அபாயக் கழிவு எடுக்கும் வண்டியில் ஏற்றும்வரை பூட்டிய அறையில் வைக்க வேண்டும். முதல் விஷயத்தை மனப்பாடமாகப் பிடித்துக்கொண்டேன். அது தண்ணீர் சம்பந்தப்பட்டது, தண்ணீர்தான் என் பெருமை. இரண்டாவது குப்பை சம்பந்தப்பட்டது. அதை யார் கவனிப்பார்கள்?

தவறு நடந்தது பொன்ராஜின் பட்டறையில். தூத்துக்குடிக்காரன், நல்ல பையன், பதினாலு பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த வருடம் அவனுக்குச் சிவப்பு ஆர்டராக வந்து குவிந்தது. மணியும் சீக்கிரம் சீக்கிரமாக ஓய்ந்தது. கழிவு வண்டி இரண்டு மாதமாக வரவில்லை. மஞ்சள் பை தீர்ந்துவிட்டது. நான் பேக்கரியிலிருந்து நாலு காலி மைதாச் சாக்கு வாங்கி, அதில் மணியைக் கொட்டிக் கட்டினேன். மேலே ஒன்றும் எழுதவில்லை. எழுத்து சரியாக வராதவன் எழுத்தின் அருமையை எப்படி அறிவான்?

மார்கழி பிறந்தபோது பொன்ராஜ் வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, ஆளுங்க படுக்கிற இடத்தை இந்தச் சாக்கு அடைச்சுக்கிட்டு நிக்கி. வண்டி எப்பத்தான் வரும்?"

"வரும், வரும். அதுவரைக்கும் பின்சந்துல தூக்கி வை."

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"கச்ராவ, குப்பைய எவம்லே எடுப்பான்?"

நாற்பது வருடம் தாராவியில் இருந்தவன் கேட்கிற கேள்வியா இது? இங்கே உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு விலை உண்டு. ஓட்டலில் குளித்து மிச்சம் விட்ட சோப்புத் துண்டுக்கு விலை உண்டு. இந்த ஊரில் குப்பை என்று ஒன்று கிடையாது, அடுத்த ஆள் கைக்குப் போகக் காத்திருக்கும் சரக்குதான் உண்டு. மும்பை முழுக்கக் கழித்துப்போட்டதை வைத்துப் பிழைக்கிறவர்களின் நடுவில் நாலு சாக்கு நல்ல சிவப்பை வாய் கட்டி வைத்துவிட்டு, எவன் எடுப்பான் என்று கேட்டேன்.

எடுத்தது முத்துலெட்சுமி. எங்கள் சந்திலேயே என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். புருஷன் இல்லை. காலையில் இட்லி விற்பாள், சந்து முழுக்க அவள் இட்லியில்தான் விடியும். மார்கழியானால் கோலப்பொடி கட்டிக்கொண்டு மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய் நடைபாதையில் உட்காருவாள். சாக்கைப் பார்த்திருக்கிறாள், காயவைத்திருக்கிறாள், பழைய மிக்சியில் அரைத்துச் சலித்திருக்கிறாள். அவ்வளவு ஆழமான சிவப்பு எந்தக் கடையிலும் கிடையாது. அந்த வருடம் மாதுங்காவில் பூக்காரம்மா ஒருத்தி தன் பலகையில் பாதியை முத்துலெட்சுமிக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். முத்துலெட்சுமியைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். எங்கள் சந்து வீடுகளுக்கும் அவள்தான் பொடி கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

போகிப் பண்டிகை அன்று காலை பதினோரு மணிக்கு மேடம் பொன்ராஜின் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அங்கிள், இது என்னன்னு சொல்லுங்கோ."

பிரித்துப் பார்த்தேன். "கோலப்பொடி."

"தண்ணில போடுங்கோ."

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை போட்டேன். கோலப்பொடி கல்மாவு. போட்டதும் அடியில் போய் உட்கார வேண்டும். இது மிதந்தது. பிறகு ஊறி, உப்பி, மெத்து மெத்தென்று ஆனது. நானே போய்ச் சோடாத் தண்ணீரில் ஒரு துளி எடுத்து வந்து விட்டேன். கிண்ணம் முழுக்கச் சிவப்பு புகை மாதிரி விரிந்தது.

"எங்கருந்து எடுத்தீங்க மேடம்?"

"எங்காத்து வாசல்லேர்ந்து. அம்மா மார்க்கெட்ல வாங்கியிருக்கா. தாராவிலேர்ந்து ஒரு தமிழ் அம்மா கொண்டுவராளாம். எங்க தெருல பாதி வாசல் இந்தக் கலர்தான். இப்படி ஒரு சிவப்பு ஜன்மத்துல பார்த்ததில்லேங்கறா எல்லாரும்."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. என் சிவப்பை மாதுங்காவே மெச்சுகிறது என்று ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் பின்சந்துக்கு ஓடினேன். சாக்கு இல்லை. "யாரோ எடுத்துட்டுப் போயிருக்கான் அண்ணாச்சி, இடம் விட்டுச்சேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்" என்றான் பொன்ராஜ். தாராவியிலிருந்து மாதுங்காவுக்குக் கோலப்பொடி கொண்டுபோகிற தமிழ் அம்மா யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் சந்து முத்துலெட்சுமிதான் என்று மேடத்திடம் சொன்னேன்.

"இது சட்டுனு யாரையும் ஒண்ணும் பண்ணிடாது" என்றார் மேடம். "ஆனா வாய்க்கோ கண்ணுக்கோ போகப்படாது. தவழற குழந்தைகள் இருக்கு. இன்னிக்கே அந்த அம்மாட்ட சொல்லி, உங்க சந்துலயும் சொல்லிடுங்கோ. நாளைக்குக் காத்தால எல்லாரும் வாசல் அலம்புவா. சோடா போட்டு அலம்பினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததில்ல."

"எங்க பக்கத்துல வெறுந்தண்ணிதான் மேடம்" என்றேன்.

பொய். பொங்கல் அன்றைக்கு எங்கள் சந்தில் சோடா போடாமல் யாரும் வாசல் கல்லைத் தேய்க்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஏன் பொய் சொன்னேன் என்றால், மறுநாள் சாயங்காலம் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை. தாராவித் தண்ணீரைச் சுத்தமாக்கிய மனிதர் என்று சந்து முனையில் பேனர் கட்டிவிட்டார்கள். பேனரில் நான் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பேனர் தொங்கும்போது நான் எந்த வாயால், என் கழிவு உங்கள் வாசலில் கிடக்கிறது என்று சொல்வது? தொட்டி வைக்கிற என் உரிமம் போகும். பதினோரு பட்டறையும் போகும். ஒரு நாள்தானே, பொன்னாடை முடியட்டும், மறுநாள் காதும் காதும் வைத்த மாதிரி முத்துலெட்சுமியிடம் பேசிப் பொடியை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விடுங்க மேடம். நானே முடிச்சிருதேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "எங்க தெருவை நான் இப்பவே பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேனருக்குக் கீழே, சந்து முனையை முழுக்க அடைத்து ஒரு பெரிய சிவப்புக் கோலம். முத்துலெட்சுமி முதுகு நிமிராமல் ஓரத்தில் சுழி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அண்ணாச்சிக்கு விருது குடுக்காவள்லா, அதுக்குத்தான். நல்லா இருக்கா?"

"நல்லாருக்கு தாயி" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். இங்கே கொஞ்சம் நில்லுங்கள், தம்பிகளே. தவறு சாக்கை வெளியே வைத்தபோது பாதி. மீதிப் பாதி இந்த இடத்தில், அவள் கையில் பொடி இருக்க, நான் அதைத் தாண்டிப் போனபோது.

பொங்கல் அன்று காலை. எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் பைப், எல்லாப் பைப்பும் சாக்கடைக்குள் பின்னிப் பிணைந்து கிடக்கும். அழுத்தம் போதாது என்று ஆளாளுக்கு மோட்டார் வைத்து இழுப்பார்கள். பைப்பில் கீறல் இருந்தால் மோட்டார் சாக்கடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அன்றைக்குப் புதுக்கோலம் போட, பழைய கோலத்தையெல்லாம் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவித் தள்ளினார்கள். கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போனது. சாக்கடை சிவந்தது. மோட்டார்கள் ஓடின.

நான் வீட்டுக்குள் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தேன். பாதி மீசை கறுப்பு, பாதி வெள்ளை. அப்போது எதிர்வீட்டு இசக்கியம்மாளின் குரல் கேட்டது.

"ஏ முத்துலெட்சுமி! வெளிய வாட்டி!"

"என்ன மதினி, நல்ல நாளும் அதுவுமா?"

"நல்ல நாளா? குடத்தப் பாரு. பொங்கலுக்குப் புடிச்ச தண்ணி. என்னத்தட்டி பொடின்னு வித்த?"

ஓடிப்போய் வாசலில் நின்றேன். இசக்கியம்மாளின் குடத்தில் தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக் குடமும் அப்படியே. அடுத்த வீட்டில் அரிசியே போட்டுவிட்டார்கள், அரிசியும் ரோஸ். பதினைந்து இருபது பெண்கள் கூடிவிட்டார்கள்.

"கோலப்பொடிதான் மதினி. வேற என்னத்த விக்கேன்?"

"பிறந்ததுலருந்து கோலம் போடுதேன். எந்தப் பொடிட்டி இப்படிக் கரையும்?"

"இவ இட்லியத்தான விடியக்காலம் என் பிள்ளைக்குக் குடுத்தேன்!" என்றாள் ஒருத்தி.

"பொடி அரைச்ச மிக்சியிலதான சட்னியும் அரைச்சிருப்பா. எவ கண்டா?" என்றாள் இன்னொருத்தி.

"ஐயோ அக்கா, ஆணையா சொல்லுதேன், அது பழைய மிக்சி. சட்னிக்கு வேற..."

அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சட்னி என்ற வார்த்தை விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இனி இது கோலப்பொடி விஷயம் இல்லை. அவள் கை அசுத்தம் என்று இந்தச் சந்து சொல்லிவிட்டால் இட்லிப் பானையைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"விஷம் இல்லைன்னா நீயே குடிச்சுக் காட்டு" என்றாள் இசக்கியம்மாள். "அண்ணாச்சி குடிச்சுக் காட்டுதாவள்லா, அதே மாதிரி."

முத்துலெட்சுமி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பயம் போய் ஒரு தெளிவு வந்தது.

"அதான! இது அண்ணாச்சி கம்பெனியில கழிச்சுப்போட்டதுதான் மதினி. அவிய அந்தத் தண்ணியவே குடிக்காவ. நான் எத்தன மட்டம் பார்த்திருக்கேன்! ஒரு தீங்கும் இல்லைன்னு தெரிஞ்சுதான எடுத்தேன். அண்ணாச்சி குடிக்கையில எனக்கென்ன? குடிக்கேன்."

குடத்தில் டம்ளரை விட்டு மொண்டாள்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை பக்கம் எழுதினேன். மேடம் சொன்னது என் காதில் இருந்தது. ஒரு டம்ளரில் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதுதான் அந்த நேரத்தின் கஷ்டம். செத்துப்போவாள் என்று தெரிந்தால் எந்த மடையனும் ஓடிப்போய்த் தட்டிவிடுவான். ஒன்றும் ஆகாது. அவள் குடிப்பாள், உதட்டைத் துடைப்பாள், கூட்டம் கலையும், அவள் இட்லி பிழைக்கும், என் பேனரும் பிழைக்கும். சும்மா நின்றால் போதும். பாதி மீசையோடு சும்மா நிற்கத்தான் நினைத்தேன். கால் எப்போது வாசல்படியை விட்டு இறங்கியது என்று தெரியாது.

டம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். தண்ணீர் என் வேட்டியில் கொட்டியது.

"குடிக்காத தாயி."

"ஏன் அண்ணாச்சி?"

"அது கோலப்பொடி இல்ல. என் சாயக் கழிவு. வண்டியில ஏத்த வேண்டியதச் சந்துல தூக்கிப் போட்டவன் நான். இவ மேல ஒரு தப்பும் கிடையாது. குடத்தையெல்லாம் கொட்டுங்க. மோட்டாரை நிறுத்துங்க."

இசக்கியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மீசையையும் பார்த்தாள், அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நீரு குடிச்சது என்னது?"

"நான் குடிச்சது சாயத்தை எடுத்த பொறவு இருக்க தண்ணி."

"எடுத்த சாயத்தை எங்க வச்சீரு?"

பதினோரு பட்டறை முதலாளிகளில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. நோட்டுப் புத்தகத்தோடு வந்த பிள்ளைகள் கேட்டதில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இசக்கியம்மாள் கேட்டாள்.

"உங்க வாசல்ல" என்றேன்.

பேனரை நானே அவிழ்த்தேன். சங்கத்துக்காரர்கள், "பொன்னாடையை மட்டுமாவது வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி, வாங்கியாச்சு" என்றார்கள். வேண்டாம் என்றேன். அப்போதே மேடத்துக்குப் போன் போட்டேன். அவர், "சொல்லிட்டேளா?" என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றதும், பைப்பை எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும், பொடியை எதில் அள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். நேற்று ஏன் சொல்லவில்லை என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சந்தில் இருந்த பொடியை அன்றைக்கே வாங்கிவிட்டோம். மறுநாள் முத்துலெட்சுமியும் நானும் மஞ்சள் பைகளோடு மாதுங்காவுக்குப் போனோம். அவளுக்கு எழுதத் தெரியாது. ஆனால் யார் யார் வாங்கினார்கள் என்பது முகம் முகமாக மனசில் இருந்தது. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட மாமி. வாசலில் நாய் கட்டியிருக்கிற வீடு. லிஃப்ட் கெட்டுப்போன கட்டிடத்தில் மூணாவது மாடி, சீக்கிரம் கோபம் வருகிற அம்மா. மேடத்தின் தெருவை விட்டுவிட்டு நாற்பத்தியோரு பேர். ஒவ்வொரு வாசலிலும் மணி அடித்து நின்றேன்.

"நன்னாத்தானே இருக்கு? ஏன் திரும்பக் கேக்கறேள்?" என்றார் மூக்குத்தி மாமி.

"அது கோலப்பொடி இல்ல மாமி. சாயக் கழிவு. இந்த அம்மாவுக்குத் தெரியாது. என் தப்பு."

முதல் வாசலில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பத்தாவது வாசலில் பழகிவிட்டது. முப்பதாவது வாசலில், எவ்வளவு நேர்மையாகச் சொல்கிறேன் பார் என்று உள்ளே ஒரு பெருமை தலையைத் தூக்கியது. அந்தப் பேயை என்னால் கடைசி வரைக்கும் ஒழிக்க முடியவில்லை. திரும்பும் வழியில் சயான் வரும்போதுதான் முத்துலெட்சுமி என்னிடம் வாய் திறந்தாள்.

"முந்தாநா, கோலம் போடையில, உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும் தாயி."

"ம்" என்றாள்.

நானே போய் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். என் உரிமம் போனது. பொன்ராஜின் பட்டறையைச் சில வாரம் மூடினார்கள். "நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒரு நாய் கேட்டிருக்காது அண்ணாச்சி" என்றான். உண்மைதான். அவன் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. கிறிஸ்துமசுக்கு அவன் பெண்சாதி மட்டும் கேக் கொடுத்தனுப்புவாள். பதினோரு பட்டறையிலும் இப்போது வேறு ஆட்கள் தொட்டி பார்க்கிறார்கள். உங்களில் சிலர்தான்.

முத்துலெட்சுமிக்கு மாதுங்காவில் அந்தப் பாதிப் பலகை போய்விட்டது. சந்தில் யாரும் இட்லி வாங்கவில்லை. நான் காலையில் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில், ஊர் பார்க்க உட்கார்ந்தேன். ஆறு இட்லி. மறுநாளும் ஆறு. "சக்கரை ஏறிச் சாகப் போறீரு" என்று இசக்கியம்மாள் வைதாள். குடித்துக் காட்டிய வாயால் தின்று காட்டினேன், வேறென்ன செய்வது? தை முடிகிற சமயத்தில் ஒரு நாள் இசக்கியம்மாளே தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "ரெண்டு வையி. சட்னி நிறைய ஊத்து" என்றாள். அன்றைக்குத்தான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நாற்பத்தியோரு பேரில் நாற்பது பேரிடம் திரும்ப வாங்கினோம். ஒன்று கிடைக்கவில்லை. ஸ்கூட்டரில் வந்த ஒருத்தர், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வாங்கினாராம், காட்கோபருக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினாராம். அவர் முகம் மட்டும் முத்துலெட்சுமியின் மனசில் இல்லை. அது எப்போதோ கழுவிச் சாக்கடைக்குப் போயிருக்கும், விட்டுவிடுங்கள் என்று மேடம் சொல்கிறார். இருக்கலாம். ஏதாவது ஒரு சமையலறைப் பரணில் பழைய காப்பி டப்பாவுக்குள்ளும் இருக்கலாம்.

அதனால் போகிப் பண்டிகை வந்தால் ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு காட்கோபருக்கு ரயில் ஏறிவிடுவேன். தமிழ் வீடுகள் இருக்கும் தெருக்களாகப் பார்த்து நடப்பேன். சிவப்புக் கோலத்தைக் கண்டால் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து, புட்டி மூடியில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பேன். வாட்ச்மேன்கள் கிழவனுக்குக் கிறுக்கு என்று விரட்டுவார்கள். ஒரு வீட்டுப் பெண், கோலத்தைக் கலைத்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்தாள். அவளிடமே மன்னிப்புக் கேட்டு, அவள் கொடுத்த மாவை வாங்கி அந்தப் புள்ளியைச் சரிசெய்துவிட்டு வந்தேன். முழங்கால் முன்னைப் போல் இல்லை, குனிந்தால் நிமிர நேரமாகிறது.

போன போகிக்கும் போனேன். ஒரு மாடிப்படியின் கீழே நல்ல சிவப்பில் சின்னதாக ஒரு கோலம். உட்கார்ந்து, மூடியில் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூழ்கியது. கையை ஊன்றி எழுந்து அடுத்த வாசலுக்குப் போனேன்.